வெட்டவெளியில் இருங்கள் என்றேன்

மயிலாப்பூர்,
22.2.2026, ஞாயிறு

அன்பு மகன் ஜெஃப்ரிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் அருளால் நீ அங்கே ஜாவாவில் சுகமாக இருப்பாய், வேளைக்குச் சாப்பிடுவாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அவ்விதமே என்று அடுத்த வரிக்குக் கை தானாகப் போகிறது, ஆனால் இந்தத் தடவை அப்படி எழுதினால் அது பொய், இந்தக் கடிதத்தில் ஒரு பொய்கூட இருக்கக் கூடாது என்று முடிவு பண்ணித்தான் உட்கார்ந்திருக்கிறேன். வாரம் நாலு தடவை போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் மூன்று முறை ஆரம்பித்தேன், மூன்று முறையும் கடைக்கு ஆள் வந்திருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆள் யாரும் வரவில்லை. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாக நானே போனில் படம் பிடித்து அனுப்புகிறேன். எதிர் வீட்டு ஜொவிட்டா டீச்சரிடம் கொடுத்தால் நேராகப் பிடிப்பாள், ஆனால் படித்துவிடுவாள். கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் அம்மா. டயாலிசிஸ் பண்ணியும் கால் வீக்கம் வடியவில்லை, இப்போது இதயமும் ஒத்துழைக்கவில்லை என்கிறார்கள். போன வாரம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வரவேண்டியவர்கள் யாராவது வெளியூரில் இருந்தால் வரச் சொல்லிவிடுங்கள் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். ஈஸ்டர் வரைக்கும் என்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். இதை உன்னிடம் போனில் சொன்னேன், கொஞ்சம் தண்ணீர் கலந்து சொன்னேன், அம்மாவுக்கு முன்னைக்கு இப்போது கொஞ்சம் சோர்வு அதிகம் என்று. நீயும் கொஞ்சம் தண்ணீர் கலந்தே பதில் சொன்னாய், நீங்கள் கண்காணிக்கிற எரிமலை வீங்கியிருக்கிறது, இப்போது லீவு கிடைக்காது, பார்க்கிறேன் என்று. பிறகு அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். நல்லா இருக்கீங்களா, மாத்திரை போடுங்க, அப்பாகிட்ட குடுங்க. அவ்வளவுதான் நீ பேசியது. அவள் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது முகத்தில் ஒரு சந்தோஷம், பெற்ற பிள்ளை மாத்திரை போடச் சொன்னானாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து எண்ணெய் பூசி ஜெபித்து நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

கடை ஓடுகிறது. பீங்கான் கப்பை இப்போதெல்லாம் போனிலேயே பார்த்து வாங்கிவிடுகிறார்கள், உடைந்து வந்தால் மட்டும் அதே மாதிரி ஒன்று கிடைக்குமா என்று நம்மிடம் வருகிறார்கள். ஓட்டல்காரர்கள் கை கொடுப்பதால் சமாளிக்கிறேன். கபாலிக்கு முழங்கால் போய்விட்டது, மூட்டை தூக்க விடுவதில்லை, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடம் வாயடித்துக்கொண்டிருக்கிறான். உன்னைப் பற்றிக் கேட்காத நாள் இல்லை. நேற்று சொல்கிறான், "இன்னா மொதலாளி, நம்ம ஜெப்ரி தம்பி மலைக்கு வாட்ச்மேனா கீதாமே, மலை இன்னா எந்திரிச்சி ஓடிப்பூடுமா, நம்ம கடைக்கே ஒரு வாட்ச்மேன் கெடைக்கலன்றேன்" என்று. பக்கத்துக் கடை நதீம் பாய் சிரித்த சிரிப்பில் டீ கொட்டிவிட்டது. நானும் சிரித்தேன்.

நீ மலை வீங்கியிருக்கிறது என்று சொன்னதும் நான் சும்மா இருக்கவில்லை. ஜொவிட்டாவிடம் பள்ளிக்கூடப் புவியியல் புத்தகம் வாங்கினேன். எட்டாம் வகுப்போடு பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் பெட்ஷீட் விரித்து இரண்டாம் தரக் கப் விற்க வந்தவனுக்கு இப்போதுதான் ஒன்பதாம் வகுப்பு. படித்துப் புரியாததை அவளிடம் கேட்டேன், புள்ளைங்களவிட மோசமா கேள்வி கேக்குறீங்க அங்கிள் என்கிறாள். பூமியின் மேல் ஓடு ஒரே துண்டாக இல்லை, பெரிய பெரிய தட்டுகளாகக் கிடக்கிறது, ஒவ்வொன்றும் வருஷத்துக்கு நகம் வளர்கிற அளவு நகர்கிறது, உங்கள் பக்கத்தில் கடலடித் தட்டு ஒன்று நிலத்துக்கு அடியில் சரிந்து இறங்குகிறது. இறங்கும்போது கடல் தண்ணீரையும் கல்லுக்குள் ஊற வைத்து இழுத்துக்கொண்டு போகிறது. ரொம்ப ஆழத்தில் அந்தத் தண்ணீர் கசிந்து மேலே இருக்கிற சுடுபாறையில் சேர்ந்ததும், தனியாக இருந்தால் அந்தச் சூட்டில் உருகாத பாறை உருகிவிடுகிறது. இதுதான் எனக்குப் பட்டென்று புரிந்தது. வடக்கே குர்ஜாவில் சரக்கு எடுக்கப் போகும்போது சூளையில் பார்த்திருக்கிறேன், பளபளப்புக்குப் பூசுகிற கலவையில் ஒரு பொடியைச் சேர்ப்பார்கள், அது சேர்ந்தால்தான் அந்தச் சூட்டுக்கு உருகிக் கண்ணாடியாகும், சேராவிட்டால் மண்ணாகவே நிற்கும். உருகியது லேசு, அதனால் மேலே ஏறுகிறது. ஏறும்போது மலை உப்புகிறது, சின்னச் சின்ன அதிர்வு நூற்றுக்கணக்கில் வருகிறது, கந்தக வாயு கூடுகிறது, உங்கள் கருவி எல்லாவற்றையும் எழுதி வைக்கிறது. சில மலை இப்படி மாதக்கணக்கில் உப்பி நின்றுவிட்டு ஒன்றும் பண்ணாமல் வடிந்துவிடும் என்றும் இருக்கிறது. ஆக எரிமலை அநேகமாகச் சொல்லிவிட்டு வருகிறது. பூகம்பம்தான் சொல்லாமல் வருவது. இதைத் தெரிந்துகொண்டு உன் லீவு விஷயத்தில் உன்னோடு பேரம் பேசலாம் என்றுதான் புத்தகத்தை எடுத்தேன், உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் அடுத்த பக்கம் பூகம்பம், அதற்கடுத்த பக்கம் சுனாமி. அங்கே மாட்டிக்கொண்டேன்.

இப்போது சாமியார் வந்ததைச் சொல்கிறேன். பூசுவதற்கு முன்னால் அம்மா பாவசங்கீர்த்தனம் பண்ணவேண்டும் என்று நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். வராந்தாவிலேயே நின்றேன். இருபத்தொரு வருஷமாக அவள் ஊர் முழுக்கச் சொல்லிவந்த ஒரு பொய் இருக்கிறது, அதை இன்றைக்குச் சொல்லிவிடுவாள், சொல்லட்டும், எனக்கும் விடிவு என்று நினைத்தேன். சாமியார் போனபிறகு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன், கேட்கக் கூடாது, ஆனாலும் கேட்டேன், அதைச் சொன்னியா என்று. அவள் கண்ணை மூடிக்கொண்டே, "எதுக்குச் சொல்லணும், அது எம் பாவம் இல்லியே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தண்ணி குடுங்க என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

ஜெஃப்ரி, அன்றைக்கு உன் தங்கச்சி ரெனிட்டாவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனது அம்மா, ஆனால் போகச் சொன்னது நான். இதுதான் விஷயம். இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றினேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு. அப்போது சாந்தோமில் இரண்டாவது மாடியில் இருந்தோம், உனக்குப் பன்னிரண்டு, பாப்பாவுக்கு எட்டு. காலை ஆறரைக்கு மேல் இருக்கும், அடுக்களை ஷெல்ஃபில் டம்ளர் எல்லாம் கிணுகிணு என்று சத்தம். சத்தத்தை வைத்தே எது ஆடுகிறது என்று சொல்லிவிடுகிற தொழில் எனக்கு, பூனை தட்டின சத்தம் இல்லை அது. ஃபேன் ஊசலாடியது. நாலு வருஷம் முன்னால்தான் குஜராத்தில் கட்டடம் கட்டடமாக விழுந்ததை டிவியில் பார்த்திருந்தோம். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் கீழே ஓடினோம், நீ அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாய், உன்னைத் தூக்க நான் திரும்ப ஏறுவதற்குள் ஆட்டம் நின்றுவிட்டது. தெருவில் நாலு பேர் லுங்கியோடு நின்று என்ன ஏது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. பூகம்பம் வந்தால் கட்டடத்தில் இருக்கக் கூடாது, வெட்டவெளியில் இருக்கவேண்டும், முதல் ஆட்டத்துக்குத் தப்பினவன் இரண்டாவது ஆட்டத்தில் சாவான், குஜராத்தில் ஜனங்கள் மைதானத்தில்தான் படுத்துக் கிடந்தார்கள். அந்த அக்கம்பக்கத்தில் மணலைவிட வெட்டவெளி எங்கே இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன், பாப்பாவைக் கூட்டிக்கொண்டு பட்டினப்பாக்கம் மணலில் போய் உட்கார், தலைக்கு மேலே ஒன்றும் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார், நான் வரும்வரை வீட்டுக்குள் ஏறாதே. அம்மா நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, இன்னாங்க இது, கேக் டப்பாவாச்சும் எடுத்துக்கறேன் என்றாள். நான்தான் மேலே போய் எடுத்துவந்து பாப்பா கையில் கொடுத்தேன். அவள் குதித்துக்கொண்டு போனாள்.

பிறகு உன்னை எழுப்பினேன். உன்னையும் மணலுக்கு அனுப்பியிருக்கவேண்டியதுதான். கடையில் உயரத்து ஷெல்ஃபில் சரக்கு விழுந்திருக்குமோ என்று பயம், ஏணி பிடிக்க ஆள் வேண்டும், கபாலி லேட்டாகத்தான் வருவான், அதனால் உன்னை ஸ்கூட்டரில் ஏற்றினேன். அம்மாவும் பாப்பாவும் பீச்சுக்குப் போயிருக்காங்க என்று மட்டும் சொன்னேன். என்னை மட்டும் வுட்டுட்டு ஜாலியா போய்ட்டாங்க என்று நீ வழி முழுக்க முனகிக்கொண்டு வந்தாய். அதனால்தான் அது அம்மாவின் யோசனை என்று உன் மனதில் விழுந்தது. நான் திருத்தவில்லை, திருத்துவதற்கு அப்போது அதில் ஒன்றும் இல்லை.

கடையில் ஒரு கப் உடையவில்லை. ஒரு சாஸரில் கீறல்கூட இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். எட்டு மணிக்குக் கடை போன் அடித்தது, நீ பின்பக்கம் ஏணிமேல் இருந்தாய். அம்மா, கடற்கரை ரோடு பெட்டிக்கடையில் இருந்த காசு போடும் போனில் இருந்து. பாப்பா பசிக்குதுன்றா, வெயில் வேற ஏறுது, எல்லாரும் வூட்டுக்குத் திரும்பிட்டாங்க, நாங்களும் மேல போறோம் என்றாள். நான் விடவில்லை. உனக்கு ஒண்ணும் தெரியாது பியாட்ரிஸ், ரெண்டாவது ஆட்டம் வரும், அங்கேயே இட்லி வாங்கிக் குடு, ஒன்பதரைக்கு நான் வந்து கூட்டிப்போறேன், அதுக்குள்ள மாடி ஏறினேன்னு வச்சுக்கோ தெரியும் சேதி என்று அதட்டினேன். சரிங்க என்றாள். எனக்குப் பதில் பேசாத பெண்பிள்ளை என்று கல்யாணத்தின்போது பெருமையாகச் சொன்னார்களே, அந்தச் சரிங்க.

புத்தகத்தில் போட்டிருக்கிறது. சுமத்ராவுக்குப் பக்கத்தில், தட்டு தட்டுக்கு அடியில் இறங்குகிற இடத்தில், நூற்றுக்கணக்கான வருஷம் சிக்கி நின்றது, மேல் தட்டு வில்லாக வளைந்துகொண்டே இருந்தது, ஒருநாள் சிக்கல் விட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கிழிந்துகொண்டு போனது. கடலடி தூக்கிப் போட்டதில் அதன் மேலிருந்த தண்ணீர் மொத்தமும் எழும்பியது. கல் வழியாக வருகிற அதிர்வு சில நிமிஷத்தில் நம் வீட்டு டம்ளருக்கு வந்துவிட்டது. தண்ணீர் வழியாக வருவது விமான வேகத்தில்தான் வரும், அது வந்து சேர இரண்டரை மணி நேரம். அந்த டம்ளர் சத்தம்தான் தகவல். தகவல் முதலில் என் காதில்தான் விழுந்தது, அதைத் தலைகீழாகப் படித்துவிட்டேன். கடலோரத்தில் நிலம் ஆடினால் கடலை விட்டுத் தள்ளிப் போ, உயரத்துக்குப் போ என்று ஒரு வரிதான் போட்டிருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணுகிறார்கள். அன்றைக்கு இந்த ஊரில் அது யாருக்கும் தெரியாது என்று ஜொவிட்டா சொன்னாள், வேறு எதையோ நினைத்து ஆறுதலாகச் சொன்னாள். தெரியாதவன் வாயை மூடிக்கொண்டிருக்கலாமே. தெரியாத மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், பசித்தவள் போகிறேன் என்று கேட்டாள், அரைகுறையாகத் தெரிந்தவன் தடுத்தேன்.

கபாலி கடை வாசலில் வந்து நின்றதை நீயும் பார்த்தாய். இடுப்புவரை சேறு, "மொதலாளி, கடலு ரோட்டு மேல ஏறி வந்துகினு கீது, எங்க குடிசை பூட்ச்சி" என்றான். அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும். அம்மாவை ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் பார்த்தோம், கை முழுக்க மணல் உரசின காயம், பாப்பாவின் கவுன் பெல்ட் மட்டும் அவள் கையில் இருந்தது. பாப்பா மறுநாள் மத்தியானம் கிடைத்தாள். கல்லறையில் எல்லார் முன்னாலும் நீ அம்மாவைப் பார்த்துக் கத்தினாய், நீ ஏன் அவளக் கூட்டிட்டுப் போன, உன்ன யாரு போகச் சொன்னது என்று. நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்துச் சொன்னாள், "நானாதான் போனேன், தப்புதாம்ப்பா." யாரும் போகச் சொல்லவில்லையா என்று அவள் அண்ணன் திரும்பக் கேட்டார். இல்ல என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை, மகனே. எதிரே நிற்கிறவன் முகத்தைப் பார்த்து விலை சொல்கிறவன், நாலு மொழியில் பேரம் பேசுகிறவன், எனக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "எங் கையில இருந்துதான் போனா. என்னிய அவன் எப்படியும் மன்னிக்க மாட்டான். உங்களையும் வெறுத்துட்டான்னா புள்ள யாருகிட்ட போவான்" என்றாள். ஒரு மாதம் போகட்டும், பையன் ஆறட்டும், சொல்லிவிடுகிறேன் என்றேன். மாதம் போனது. நீ ராத்திரியில் பயந்து எழுந்து என் பக்கத்தில் வந்து படுக்க ஆரம்பித்தாய். அம்மா பக்கம் முதுகைக் காட்டிப் படுப்பாய். அதுவரை வா போ என்று கூப்பிட்ட தாயை வாங்க போங்க என்று கூப்பிட ஆரம்பித்தாய். எனக்கு வலித்தது, ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், இனித்தது. முன்னாலெல்லாம் நீ அம்மா பிள்ளை, கடைக்காரனிடம் ஒட்டமாட்டாய். பிறகு என் பிள்ளை ஆனாய். பரீட்சை மார்க் என்னிடம், காலேஜ் ஹாஸ்டல் விஷயம் என்னிடம், வெளிநாட்டு வேலை வந்தபோது முதல் போன் என்னிடம். அவளுக்குப் போகவேண்டியதை எல்லாம் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். பக்கத்து அறையில் அவள் துணி மடித்துக்கொண்டே நம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாள். நீ சிரிக்கும்போது அவளும் சிரிப்பாள்.

போன டிசம்பரில், பாப்பாவின் நினைவுப் பூசை அன்று, நீ போனில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா. நான்தான் கேட்டேன், அந்த அலை வர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று. இரண்டரை மணி நேரம் என்று சொல்லிவிட்டு, "அவ்ளோ நேரம் இருந்துச்சுப்பா, அவங்க வீட்லயே இருந்திருந்தா போதும், ரெண்டாவது மாடி, ஒண்ணும் ஆயிருக்காது, இதை நினைச்சா இன்னும் அவங்க முகத்தைப் பார்க்க முடியல" என்றாய். ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா கட்டிலில் இருந்து கேட்டாள். போனை வைத்ததும், மழை வர்ற மாதிரி கீது, ஜன்னல சாத்துங்க என்றாள். வானம் வெளுப்பாக இருந்தது. சாத்தினேன்.

ஆகையால் வா. உன் மலை சொல்லிவிட்டு வருகிற மலை, பார்த்துக்கொள்ள உன்னோடு இன்னும் பத்து பேரும் கருவியும் இருக்கிறது, அடிவாரத்து ஜனங்களை இறக்க உன் ஒருத்தன் கையெழுத்துக்குக் காத்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். அப்படிக் காத்திருந்தால் வராதே, இன்னொரு வீட்டுப் பிள்ளை போக நான் காரணமாக இருக்கமாட்டேன், அப்போது போனிலாவது பேசு. ஆனால் வேறு யாராவது பார்க்க முடியும் என்றால் வா. என் முகத்தைப் பார்க்க முடியாவிட்டால் சொல், நீ இருக்கிற நாள்வரை நான் கடை மாடியில் படுத்துக்கொள்கிறேன், சாவி ஜொவிட்டாவிடம் இருக்கும். என்னை என்ன செய்யலாம் என்று பிறகு முடிவு பண்ணு, எனக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கும் போலிருக்கிறது, அவளுக்கு இல்லை. நான் எழுதியது அவளுக்குத் தெரியாது, தெரிந்தால் உயிரே போனாலும் தடுத்திருப்பாள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவளிடம் வந்து, மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிடாதே. மன்னிக்க அவளிடம் ஒன்றும் இல்லை. பெரிய பேச்சும் வேண்டாம், பழையபடி வா போ என்று பேசு, மற்றதை அவள் புரிந்துகொள்வாள்.

சூடான சாம்பல் விழுகிற பக்கம் போகாதே, முகமூடி போட்டுக்கொள், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. அன்னை மரியாள் உனக்குத் துணை இருப்பாள், உன் தங்கச்சியும் உனக்காக வேண்டிக்கொள்வாள், உன் கைவேலை எல்லாம் ஆசீர்வதிக்கப்படும். அம்மாவின் ஆசீர்வாதத்தை நான் எழுதக் கூடாது, அதை நீ நேரில் வந்து வாங்கிக்கொள்.

மறக்காதே, டயாலிசிஸ் செவ்வாய், வியாழன், சனி. அன்றைக்கெல்லாம் அவளுக்குக் கண் திறக்கவே முடியாது, மறுநாள் காலையில்தான் தெளிவாக இருப்பாள், பத்து மணிவரை நன்றாகப் பேசுவாள். அதைப் பார்த்து டிக்கெட் எடு.

இப்படிக்கு,
உன் அப்பா,
மரியதாஸ்